ஏழு முறை கழுவிய கொப்பரை

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லாருக்கும், எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ரப்பர் விலை விழுந்த வருஷம், மாசி மாதம், எங்கள் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள்.
2. என் கணவர் வீராசாமிக்கு அதற்கு முன்பே ரப்பர் தகடு பிழியும் ரோலரில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் போயிருந்தன. குறைத்த பெயர்களில் அவர் பெயர்தான் முதலாவது.
3. வேலை இல்லாதவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பக் கப்பல் லிஸ்ட் எழுதினார்கள். எங்கள் இருவர் பெயரும் அதில் இருந்தது.
4. சொந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கொண்டுவந்து காட்டினால் பெயரை அடித்துவிடுவதாகத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். ஆடி முடியும்வரை கெடு.
5. சோப்புக் காய்ச்சும் தொழிலுக்கு மனுப் போட்டேன்.
6. கொட்டகையைச் சுற்றியுள்ள ஒன்பது வீடுகளும் சம்மதித்துக் கைநாட்டு வைத்தன.
7. ஆடி மூன்றாவது புதன்கிழமை ஒன்பது வீடுகளும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன.
8. அதற்குக் காரணம் நான்.

இனி விவரமாகச் சொல்கிறேன்.

நான் கப்பலேறி வந்தவள் அல்ல. இங்கே மலாயாவில் பிறந்தவள். இந்தியாவில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எங்கள் ஒரே மகள் தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறாள். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே என் கணவர் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு முன்பு ஈப்போவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறையில் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றேன். தராசில் எடை பார்ப்பது, அளவுக் கண்ணாடி பிடிப்பது, தரை கழுவும் சோப்புக் காய்ச்சுவது எல்லாம் அங்கே கற்றவை. எதையும் எழுதி வரிசைப்படுத்தாமல் எனக்கு வேலை ஓடாது. எந்தப் பாத்திரத்தில் எதை ஊற்றினாலும் உடனே பெயர்ச்சீட்டு ஒட்டிவிட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் முதல் பாடம். அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

செமோரிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், தோட்டத்து எல்லைக்கு வெளியே, ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஐந்து மலாய் வீடுகள். இந்தப் பக்கம் நான்கு தமிழ் வீடுகள். லைசென்ஸ் கொடுப்பது சுகாதார போர்டு ஆபீஸ். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை இல்லை என்று பெங்குலு, அதாவது கம்பம் எனப்படும் கிராமத்தின் தலைவர், எழுதிக் கொடுத்தால்தான் இன்ஸ்பெக்டர் கொட்டகையைப் பார்க்கவே வருவார்.

ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கட்டி சோப்புக் கொடுத்தேன். வாய்க்காலை ஒட்டிய முதல் வீட்டில் அமீனா இருந்தாள். என் வயதுதான். தோட்டத்து லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், தமிழ் பேசுவாள். கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா வாசம் இருக்கு. என் தொழுகைத் துணிக்கு இதான் போடப் போறேன்," என்றாள். மற்ற மலாய் வீடுகள் அவளைப் பார்த்துத்தான் கைநாட்டு வைத்தன.

அந்தச் சோப்புக்குத் தேங்காய் எண்ணெயை ஒரு சீனர் கடையில் வாங்கினேன். பழைய டின்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். டின்னின் மேல் ஒரு பன்றியின் படம் இருந்தது. பார்த்தேன். பன்றிக்கொழுப்பு வந்த டின் என்றும் தெரிந்தது. ஆனால் என் புத்தி ஆஸ்பத்திரிப் புத்தி. உள்ளே இப்போது இருப்பது எது என்பதுதான் எனக்குக் கணக்கு. "தேங்காய் எண்ணெய்" என்று அழகாக எழுதி, படத்தின் மேலேயே ஒட்டினேன்.

காலியான டின் ஒன்றைப் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தண்ணீர் எடுக்கக் கேட்டார். கொடுத்தேன். அவர் அதை எல்லாரும் புழங்கும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். ஈரத்தில் என் சீட்டு உரிந்து விழுந்தது. அமீனாவின் தாயார் அப்போது அங்கே இருந்தார்.

ஒரு மணி நேரத்தில் கம்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. படத்தைக் காகிதம் ஒட்டி மறைத்தவள் நான். மறைப்பதற்காக ஒட்டவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தமிழ் வீடுகளில் வேறு பேச்சுக் கிளம்பியது. பன்றி என்றால் மாடும் இருக்கும் என்றார்கள். அஞ்சலை அக்கா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஏய் நர்சம்மா, உன் சோப்புல அழுக்குப் போவுதோ இல்லியோ, சாதி போயிடும் போல!"

சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

வியாழக்கிழமை பெங்குலு கைநாட்டுக் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. "செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வாரார். எனக்கு எழுதறதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று உட்கார்ந்து, செய்யக்கூடியவை என்று ஒரு தாளில் தலைப்பு எழுதினேன். அதன் கீழே ஒன்றும் எழுத முடியவில்லை. எண்ணெய் சோப்பாகிவிட்ட பிறகு அது எந்தக் கொழுப்பிலிருந்து வந்தது என்று என்னிடமுள்ள எந்தத் தராசும் குழாயும் சொல்லாது. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. டின்னைக் கடையில் நன்றாகக் கழுவித்தான் எண்ணெய் ஊற்றினார்களா? எனக்கே தெரியாது. "கலக்கவில்லை" என்று சத்தியம் செய்யக்கூட எனக்கு வாய் இல்லை.

என் கணவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். ஒரு கையால் மடித்தால் சரியாக வராது. நான் போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் கப்பலுக்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். போனேன். பெண்கள் விலகி வழி விட்டார்கள், மரியாதைக்காக அல்ல. நான் சாமியிடமும் வரிசையாகத்தான் கேட்பேன். முதலாவது அவர் உடம்பு, இரண்டாவது லைசென்ஸ் என்று. அன்று ஒன்றும் வரவில்லை. "தாயே, அந்தச் சீட்டை நான்தான் ஒட்டினேன். அதுக்கு மேல என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. என்னை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்து." இவ்வளவுதான் சொன்னேன். கற்பூரம் அணைந்தது. பூசாரி என் முகத்தைப் பார்க்காமல் திருநீறு கொடுத்தார். மணி அடிக்கவில்லை, பல்லி சொல்லவில்லை, கனவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

சனிக்கிழமை காலை வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். வழக்கமாகக் கிணற்றுக்குத்தான் போவேன். அன்று கிணற்றடியில் முகம் காட்ட வெட்கம். அதனால்தான் வாய்க்கால்.

எதிர்க் கரையில் அமீனா துணி கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொழுகைத் துணி. முதலில் மண்ணைக் கரைத்து அந்தக் கலங்கல் தண்ணீரை ஊற்றி அலசினாள். பிறகு சுத்தத் தண்ணீர் மொண்டு ஊற்றி அலசினாள். மறுபடியும். மறுபடியும். பன்றி பட்ட பொருளை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். என்னையறியாமல் எண்ணினேன். ஏழு.

அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"எண்ணினியா?"

"ஆமா."

"சரியா இருக்கா?"

"சரிதான்."

"நல்லது. நீதான் எல்லாத்துக்கும் கணக்கு வெக்கிற ஆளாச்சே."

திரும்பிப் போகத் தொடங்கினாள். அப்போது நான் சொன்னது நானாக யோசித்து வைத்தது அல்ல. இன்றுவரை அது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

"அமீனா, அந்த டின்னைக் கழுவினாங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மேல ஒட்டினேன். மறைக்கணும்னு நினைக்கல. ஆனா உன்னை நினைக்கவும் இல்ல. அதான் தப்பு."

அவள் நின்றாள்.

"சோப்பு வெந்துச்சான்னு நாக்குல தொட்டுப் பார்ப்பியே, அந்தச் சோப்பையும் பார்த்தியா?"

"பார்த்தேன்." காஸ்டிக் சோடா வேகாமல் இருந்தால் நாக்கு நுனியில் சுரீர் என்று பிடிக்கும். அது எங்கள் தொழிலின் சோதனை.

"அப்ப உன் நாக்கையும் ஏழு தடவை கழுவணும் லா," என்றாள். சிரித்தாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் சிரித்தேன், பிறகு அழுதேன்.

"என் கொப்பரையை எப்படிக் கழுவணும்னு சொல்லு. உங்க முறைப்படியே கழுவறேன்," என்றேன்.

"உனக்கு அது முறை இல்லியே."

"எனக்கு இல்ல. உனக்கு."

அன்று பகல் முழுவதும் கழுவினோம். மிச்சமிருந்த சோப்பையும் எண்ணெயையும் குழி தோண்டிக் கொட்டி மூடினோம். டின்களை என் கணவர் மிதித்து நசுக்கினார். இரும்புக் கொப்பரையை அவர் இடது கையால் ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடித்து வாய்க்காலுக்கு உருட்டினோம். அகப்பை, மரச்சட்டம், வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்தோம். முதலில் மண் கலந்த தண்ணீர். எதிர்க் கரையில் அமீனா நின்று உரக்க எண்ணினாள். "சாத்து! டுவா! தீகா!" நான்காவதில் அவள் தாயார் வந்து நின்றார். ஏழு முடிந்தபோது கரையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். அஞ்சலை அக்காவும் இந்தக் கரையில் நின்றிருந்தார்.

"நர்சம்மா, இந்தக் கொப்பரைல இனிமே சாமிக்குப் பொங்கலே வெக்கலாம் போ," என்றார். அதே வாய்தான், ஆனால் குத்தல் இல்லை.

கொப்பரை சுத்தம். ஆனால் கொட்டகையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கடையில் வாங்கினால் மறுபடியும் அதே சந்தேகம். செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள். அன்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அமீனா ஒரு மண்பானையைக் கொட்டகை வாசலில் வைத்தாள். அவள் வீட்டிலேயே தேங்காய் துருவி, பால் பிழிந்து, காய்ச்சி எடுத்த எண்ணெய். "இது எங்க எண்ணெய். இதுல செய். நாங்க பார்த்துக்கிட்டு இருப்போம்," என்றாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எண்ணெயோடு வந்தார்கள். தமிழ் வீடுகளிலிருந்து தேங்காய் வந்தது. அஞ்சலை அக்கா துருவ உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை எல்லார் கண் முன்னாலும் காய்ச்சினேன். எண்ணெயின் எடையையும் சோடாவின் எடையையும் உரக்கச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். வெந்ததும் உப்புப் போட்டுப் பிரித்தேன். நாக்கில் தொட்டுப் பார்த்தேன். அமீனா கை நீட்டினாள். கொஞ்சம் வாங்கித் தன் நாக்கிலும் தொட்டாள். "சுரீர் இல்ல," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பெங்குலு சைக்கிளில் வந்து ஓரமாக நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். ஒன்பது வீட்டிலும் மறுபடி கேட்டுவிட்டு, என்னிடமிருந்து கைநாட்டுக் காகிதத்தை வாங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சாக்கடையைப் பார்த்தார், கிணற்றுக்கு எத்தனை அடி தூரம் என்று அளந்தார், பெங்குலுவின் காகிதத்தை வாசித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது லைசென்ஸ் வந்தது. கிராணி எங்கள் பெயர்களின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்.

இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணெய் கொடுத்தது அமீனா, கையெழுத்துப் போட்டது பெங்குலு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நான் கேட்டது லைசென்ஸ் அல்ல. என்னை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்து என்றுதான் கேட்டேன். மறுநாள் காலை கிணற்றுக்குப் போகாமல் வாய்க்காலில் போய் நின்றேன். வெட்கம் என்னை அங்கே தள்ளியது என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அஞ்சலை அக்காவின் பெயரும் கப்பல் லிஸ்டில் இருந்தது, அதை யாரும் அடிக்கவில்லை. அவரும் அதே ஆடி வெள்ளிக்கு அதே கோயிலில் விழுந்து கும்பிட்டவர்தான். கப்பலுக்குப் போகிற அன்று என் கையிலிருந்து ஒரு கட்டி வாங்கிக்கொண்டார். "இதுல ஏழு தடவை கழுவினா கடலும் சுத்தமாயிடும்," என்று சிரித்துவிட்டு லாரியில் ஏறினார். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? தினமும் விளக்கேற்றும்போது அதையும் கேட்கிறேன்.

கையில் ஒன்றுமில்லாமல், சொல்ல ஒரு வார்த்தையும் இல்லாமல் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். அப்படியே போய் அவள் முன்னால் நில்லுங்கள். செய்த தப்பை இன்னதென்று சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இப்போதைய நிலைமை: லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு. அடுத்த ஆடியில் ஒன்பது கைநாட்டும் மறுபடியும் வேண்டும். இரண்டு வீடுகள் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. என் கணவர் இடது கையால் கம்பி பிடித்துச் சோப்பு வெட்டப் பழகிவிட்டார், கட்டிகள் கொஞ்சம் கோணல். எண்ணெய் அமீனா வீட்டிலிருந்து வருகிறது. பானைகளில் நான் சீட்டு ஒட்டுவதில்லை.