பாமினியில் இருந்த கேள்விகள்

ஹட்டன் கணினிக் கடைக்காரர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "இதுக்கு இனி புது விண்டோஸ் ஏறாது ஐயா. வீசிட்டு வேற வாங்குங்க" என்றார். திரை நன்றாக இருக்கிறது, விசைகள் நன்றாக இருக்கின்றன. எங்கோ ஒரு கம்பனி கைவிட்டுவிட்டால் என் மருமகளின் மடிக்கணினி குப்பையாகிவிடுமா? அந்த ஆத்திரத்தில்தான் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன்.

மருமகள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவளே கேள்வித்தாள் தயாரிப்பாள். கொழுந்து நிறுக்கும் கணக்கு, நோர்வூட் பஸ் கணக்கு என்று எல்லாம் தோட்டத்து லயன் வீடுகளில் வளரும் பிள்ளைகள் அறிந்த உலகம். கடையில் விற்கும் தாள்களில் கடற்கரையும் தென்னந்தோப்பும்தான் இருக்கும். அவளுடைய தாள்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்த பிறகே பழைய விண்டோஸை அழித்தேன். அதுவரை நான் பிழை செய்யவில்லை.

லினக்ஸில் கணினி பறந்தது. பென் டிரைவைத் திறந்தேன். கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. காலமெல்லாம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். இது வைரஸின் வேலை என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்து, பென் டிரைவையும் ஃபார்மட் செய்தேன். அவள் வீட்டுக்கு வந்ததும் நானே முதலில் பாய்ந்தேன்.

"கண்ட இடத்துல பென் டிரைவைக் குத்தினா இப்படித்தான். எல்லாத்திலயும் வைரஸ்!"

"பார்க்க எப்படி இருந்துச்சு மாமா?"

சொன்னேன். அவள் கையிலிருந்த பையை இறக்கி வைத்தாள்.

"அது பாமினி மாமா. அந்த பொன்டைப் போட்டிருந்தா தமிழ்ல தெரிஞ்சிருக்கும்."

இலங்கையில் தமிழ் தட்டும் எத்தனையோ பேர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோட் வந்து எவ்வளவு காலமாகிறது! ஏன் ஒருவரும் மாறவில்லை என்று அன்று கத்தினேன். இன்றும் கத்துவேன். ஆனால் கோப்புகளைப் பாமினி அழிக்கவில்லை, கடைக்காரரும் அழிக்கவில்லை. என் திமிர் அழித்தது. போதாததற்கு அவளையே குற்றம் சொன்னேன்.

"பிள்ளைங்ககிட்ட பழைய தாள் இருக்காதா?"

"அதை வச்சு எப்பவோ அடுப்பு பத்த வச்சிருப்பாங்க."

"மன்னிச்சிரும்மா."

"மன்னிச்சா கேள்வி திரும்பி வருமா? பரீட்சை கிட்ட வந்திருச்சு. உட்காருங்க, ஞாபகம் வர்றதைச் சொல்றேன். டைப் பண்ணுங்க."

"யூனிகோட்லயே அடிக்கட்டுமா?"

"எதுலயாவது அடிங்க மாமா. அழிக்காம இருந்தா போதும்."

பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் வாளி நிறையும் கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். மிச்சம் அவளுக்கு வரவில்லை. கையை விசைகள் மேல் வைத்தபடி நான் காத்திருந்தேன்.