நம்பிக்கை இல்லாத கை

ஷாமளா அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருக்கிறாள். மலேசிய ஊரான பத்து பாகாட்டில், கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் நடந்தது. உலோகக் குச்சி ஒன்றைக் கையில் பிடித்தால் உடம்பின் நோயெல்லாம் திரையில் தெரியும் என்று ஒருவர் மெஷினோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டு ராசம்மா பிடித்துப் பார்த்தார். ஈரல் பலவீனம் என்று வந்தது.

"இன்னொரு தடவ பாருங்க சார்."

இந்த முறை ஈரல் நன்றாக இருந்தது. நுரையீரல் கெட்டுப்போயிருந்தது.

"அஞ்சு நிமிசத்துல என் ஈரல் எப்படி சார் நல்லாச்சு?"

"நம்பிக்கை இல்லாத கைக்கு மெஷின் சரியா காட்டாதும்மா."

மண்டபமே சிரித்தது. கோயில் தலைவர் சபாபதி, "சட்டையில குறை கண்டுபிடிக்கிற வேலைய இங்கயும் ஆரம்பிச்சிட்டாங்க லா," என்றார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ராசம்மாவின் கணவர் அர்ச்சுனன். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோயாளி. அவருக்குச் சர்க்கரையே இல்லை என்று மெஷின் சற்று முன்புதான் சொல்லியிருந்தது.

ராசம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கர் வேலை. ஒவ்வொரு சட்டையையும் உட்புறம் திருப்பித் தையலை இழுத்துப் பார்ப்பார். பிரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர். அங்கே அவருடைய சந்தேகத்துக்குத்தான் சம்பளம். கோயிலில் அதற்குப் பெயர் திமிர்.

அர்ச்சுனன் கிளினிக் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மெஷின்காரர் விற்ற மூலிகைத் தூளைக் கரைத்துக் குடித்தார். ரத்தம் குத்திப் பார்க்கலாம் என்று ராசம்மா சொன்ன நாளெல்லாம் வீட்டில் சண்டை. மெஷின் வரும் ஞாயிறுகளில் குணமானவர்களை மட்டும் மண்டப மேடையில் ஏற்றுகிறார்களே, ஆகாதவர்கள் எங்கே, யார் எண்ணினார்கள் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். கோயிலிலேயே வைத்துச் செய்கிறார்கள், தப்பாக இருக்குமா என்பதுதான் கிடைத்த பதில். பிறகு அந்தப் பதிலும் நின்றது. அவரைக் கண்டால் பெண்கள் வேறு வரிசைக்கு மாறி உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் மாதம் அர்ச்சுனனின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சபாபதி ஆப்பிளோடு மருத்துவமனைக்கு வந்து, எல்லாம் விதி என்று ராசம்மாவிடம் சொன்னார்.

"விதி மெஷின தூக்கிட்டு வரல அண்ணே. நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க."

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். அர்ச்சுனன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதம் மெஷின் வேறொரு கோயிலுக்குப் போனது.

ஷாமளா அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். குச்சியைப் பிடித்துச் சர்க்கரை பார்க்க முடியாது என்று அவளுக்கு அன்றே தெரியும். மெஷின்காரர்மேல் உள்ள கோபம் அவளுக்கு என்றைக்காவது ஆறலாம். தன்மேல் உள்ளது ஆறவில்லை. அன்று மண்டபம் சிரித்துக்கொண்டிருந்தபோது ராசம்மா அவள் பக்கம்தான் திரும்பினார். ஷாமளா தலையைக் குனிந்து, கையிலிருந்த காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டா சிரிக்கிறாங்க ஷாமளா. நீ கிளினிக்ல வேலை செய்றவ. எழுந்து ஒரு வார்த்த சொல்லும்மா."