இராமதாஸ் வாத்தியார் தீ மிதித்த காரணம்

அரியாங்குப்பத்து இராமதாஸ் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். காரணமில்லாத செயல் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. தெருநாய் படுக்குமுன் சுற்றிச் சுற்றி வருவதற்கும், கல்யாண பேனரில் தாய்மாமன்கள் மாப்பிள்ளையைவிடப் பெரிதாக நிற்பதற்கும் லட்சக்கணக்கான வருடப் பழைய காரணம் கைவசம் வைத்திருப்பார். டவுனுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஆற்றுப்பாலம் வருவதற்குள் ஒன்றாவது கேட்டாக வேண்டும்.

தீமிதிக்கும் ஒன்று இருந்தது. "மயில் எதுக்கு அவ்ளோ பெரிய தோகைய இழுத்துக்கினு திரியுது? இவ்ளோ பாரத்தோடயும் உயிரோட இருக்கேன் பாருன்னு பெட்டைக்குக் காட்டத்தான். லேசா இருந்தா எவன் வேணா பொய்யா காட்டிடுவான். தீமிதியும் அதேதான். கால் சுடுறதாலதான் ஊரு நம்புது."

போன வருடம் மகள் கவிநிலா டெங்குவில் படுத்தபோது, மனைவி நிர்மலாதேவி திரௌபதியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். மகள் பிழைத்து எழுந்துவிட்டாள். ஆனால் நிர்மலாதேவிக்கு நாள்பட்ட சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய், செருப்பு கழன்றால்கூடத் தெரியாமல் நடக்கிறவர். புண் வந்தால் ஆறாது, காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"எனக்குத்தான் சுடவே சுடாதே. ஆத்தா அதுக்குத்தாங்க இப்படி வச்சிருக்கா."

"வலி ஒரு வாட்ச்மேன், தேவி. வாட்ச்மேன் தூங்குற வீட்டுல நெருப்பு வெக்கிறேங்கிறியே!"

"ஆத்தா இருக்கச்சே வாட்ச்மேன் எதுக்கு?"

கெஞ்சினார், கத்தினார், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். காப்பு கட்டுவதற்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல் மயிலை எடுத்தார்.

"உனக்கு வலிக்காதுல்ல? அப்ப அது என்ன நேர்த்திக்கடன்? காகிதத் தோகைய ஒட்டிக்கினு வர்ற மயில் மாதிரி. ஆத்தாவையே ஏமாத்தப் போறியா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த நிர்மலாதேவி முறத்தைக் கீழே வைத்தார். கணவரின் பேச்சு அந்த வீட்டில் எடுபடுவது அபூர்வம்.

"நீங்க சொல்றது நாயந்தான். மரத்த கால வச்சி அவள ஏமாத்தக் கூடாது."

இராமதாஸ் பெருமூச்சு விட்டார். அதை முழுதாக விட்டு முடிக்கவில்லை.

"வலிக்கிற கால் உள்ளவங்கதான் எறங்கணும். கவிநிலா சின்னப் பொண்ணு. நாளைக்கு நீங்க போயி காப்பு கட்டிக்கங்க."

தன் கோட்பாட்டில் அவர் எவ்வளவு தேடியும் ஓட்டை கிடைக்கவில்லை. மஞ்சள் வேட்டி கட்டினார், விரதம் இருந்தார். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், நிற்காமல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்று சக ஆசிரியர்களுக்கு விளக்கினார். குண்டத்தில் நடந்தார் என்று அவர் சொல்கிறார். பார்த்தவர்கள் ஓடினார் என்கிறார்கள். எப்படியோ, இடது பாதத்தில் கொப்புளம் வந்தது.

விரதம் சுத்தமாக இருந்தால் கொப்புளம் வராது என்பது ஊர் நம்பிக்கை. பார்க்க வந்த எதிர்வீட்டு சுலோசனா மெல்ல ஆரம்பித்தார்: "சார் விரதத்துல எதனா கொற வச்சிட்டாரா அக்கா?"

"கொறயா? சுடாம வந்தா அது என்னடி கடன்? தோகை கனத்தாத்தான் மயிலு."

மயில் எங்கிருந்து வந்தது என்று சுலோசனாவுக்கு விளங்கவில்லை. காலை நீட்டிக்கொண்டிருந்த இராமதாஸ் வேட்டி நுனியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார். விரதத்துக்கு நடுவில் கல்லூரி கேன்டீனில் அவர் ஓர் ஆம்லெட் சாப்பிட்டிருந்தார். முட்டைக்கும் கொப்புளத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனாலும் இப்போது அவர் கேன்டீனில் ஆம்லெட் சாப்பிடுவதில்லை. ஏன் சார் என்று கேட்டால், காரணம் ஒன்றும் இல்லை என்கிறார்.