தறிக்குழியில் தண்ணீர்

வீடு கட்டும் மேஸ்திரியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். தண்ணீர் போக வழி வெட்டும் மேஸ்திரியை மழை வந்தால்தான் தேடுவார்கள். ஆரணியில் எனக்கு இரண்டாவது வேலைதான் அதிகம் வந்தது. சுவரோரம் உப்புப் பூத்து, முற்றத்தில் பாசி வழுக்கி, கொசுவோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஊற்று

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. நெசவாளி ஏகாம்பரம் ஆள் அனுப்பியிருந்தார். கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். தறியில் பாதியில் நின்றது அவர் மகளின் முகூர்த்தப் புடவை, கல்யாணம் தையில். ஈரத்தில் பாவு நூல் தொய்ந்து, ஜரிகையும் மங்கத் தொடங்கியிருந்தது. ஊற்றுப் பிறந்திருக்கிறது என்று அவர் மனைவி குழி ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்.

மழை விட்டால் குழி வற்றுகிறது, பெய்தால் நிரம்புகிறது. ஊற்று அப்படிச் செய்யாது. இதைச் சொல்லலாமென்று உள்ளே காலெடுத்து வைத்தேன். அந்த அம்மா தடுத்தார். “கங்கம்மா வந்துகினு இருக்கா மேஸ்திரி. செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க.”

சாயம்

ஏகாம்பரத்துக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் தாமோதரனின் சாக்கடைத் தண்ணீர்தான் என்றார். பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. நடுவில் சுவர் மட்டும்தான் பொது.

எங்கள் ஊரில் இதற்குச் சுலபமான சோதனை உண்டு. பட்டுக்குச் சாயம் போடுகிறவரிடம் மிஞ்சிய சிவப்புத் தண்ணீரை ஒரு குடம் வாங்கிவந்து, மழையில் அண்ணனின் சாக்கடையில் ஊற்றப் போனேன். கைகட்டி நின்று பார்த்த தாமோதரன் சொன்னார்: “செவப்பு அங்க வந்தா சாக்கடைய மூடிக்கிறேன். வரலன்னா அவன் என்னா பண்ணுவான்னு கேட்டுகினு வாங்க.”

பந்தல் மண்

சிவப்பு வரவில்லை. குழியில் வந்தது வெறும் மழைத்தண்ணீர். குடையைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரத்தின் கொல்லையில் நின்றேன். கல்யாணப் பந்தல் போட மேடு பள்ளம் இருக்கக் கூடாதென்று வண்டி வண்டியாக மண் கொட்டியிருந்தார். கொல்லை இப்போது வீட்டுத் தரையைவிட உயரம். பெய்ததெல்லாம் திரும்பி ஓடிவந்து சுவர் அடியில் தேங்கி, குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. “பேஜார் பண்ணது நான்தானா மேஸ்திரி? அண்ணன போயி எவ்ளோ பேசிட்டேன்.”

வழி

மண்ணை வெட்டிச் சரித்தோம். ஆனால் அந்தத் தண்ணீருக்குத் தாழ்வான இடம் அண்ணனின் தோட்டம் ஒன்றுதான். பழைய மடை நடுச்சுவர் வழியாக அங்கேதான் போயிற்று. பாகப் பிரிவினையில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கேட்கப் போகத் தம்பிக்கு வாய் இல்லை. என்னை அனுப்பினார்.

தாமோதரன் கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்தார். ‘அவன் என்ன பண்ணுவான்’ என்று கேட்டவர்தான், கடப்பாறையை எடுத்துச் செங்கல்லைத் தானே பெயர்த்தார். தண்ணீர் அவர் வாழைக்குப் பாய்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: “தண்ணிக்கு வழி வுட்டுட்டேன்னு சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகைய மட்டும் உங்ககிட்ட குடுத்தனுப்ப வேணாம், அவனே வந்து வெக்கட்டும்.”

அதிலிருந்து, சுவரில் ஈரம் என்று யார் கூப்பிட்டாலும், மேடு பள்ளம் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றுதான் கேட்கிறேன்.