வேப்பெண்ணெய் தடவிய விரல்

தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் என் கணவர் இறந்தார். தபால் ஆபீஸில் வேலை கிடைத்து, ஏழு வயது மகள் சாந்தியோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தேன். இங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

சாந்தி விரல் சூப்புவாள். முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. "வேப்பெண்ண தடவுங்க, கசந்தா தானா வுட்டுரும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. தினமும் காலையில் தடவிவிட்டு வேலைக்குப் போனேன். பற்கள் இன்னும் முன்னால்தான் வந்தன. பயந்துபோய் சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வளர்ற வயசுலயே கூட்டியாந்தது நல்லதாப் போச்சுங்க. சூப்பறத நிறுத்திட்டா, கம்பி போட்டு உள்ள தள்ளிடலாம்" என்றவர், சாந்தியிடம் கேட்டார்: "எப்பம்மா வெரல வாயில வெக்கற?"

"பள்ளிக்கூடம் வுட்டு வந்து, அம்மா வர்ற வரைக்குங்க. வூட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"கசக்கலயா?"

"பழகிடுச்சுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் விரலை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேப்பெண்ணெயைக் கொட்டிவிட்டேன். இப்போது பள்ளி விட்டதும் சாந்தி நேரே தபால் ஆபீஸுக்கு வந்து, என் மேஜையருகே உட்கார்ந்து படிக்கிறாள். பல்லில் கம்பி மின்ன ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். விரல் சூப்பும் குழந்தை எந்த நேரத்தில் சூப்புகிறது என்று மற்ற தாய்மார்களும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் சேர்ந்து வீடு திரும்புகிறோம். வழிநெடுக அவள் பிடித்துக்கொள்வது என் கட்டைவிரலை. நானும் விடுவித்துக்கொள்வதில்லை. எனக்கும் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.