மூளி கிட்டார்

எங்கள் வீட்டு பேஸ் கிட்டாரைப் பற்றிக் கருத்து சொல்லாத ஆள் திருவண்ணாமலையில் இருந்தால், அவர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். வருவது என்னவோ உடம்பு முடியாமல் இருக்கிற என் வீட்டுக்காரரைப் பார்க்கத்தான். பழப்பையை என் கையில் கொடுத்து, "இப்போ எப்படிங்க இருக்காரு?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அதற்குள் கண் சுவரோரம் சாய்ந்திருக்கும் கிட்டாருக்குப் போய்விடும். அப்புறம் அவரைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் என்று எல்லா இடத்துக்கும் போவார். பாடுகிறவர்கள் மேடையில் முன்னால் நிற்பார்கள். இவர் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக நின்று டும் டும் என்று தட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில், "இதுல நீங்க வாசிக்கிறது எதுங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று கேட்டுவிட்டேன். ரோஷம் வந்துவிட்டது மனுஷனுக்கு. அடுத்த கச்சேரியில் பாட்டு நடுவே வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாட்டு சப்பென்று ஆகிவிட்டது, பெருங்காயம் போட மறந்த சாம்பார் மாதிரி. அதற்கப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காதில் முதலில் விழுவது பேஸ்தான்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் போயின. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது. கை வரவில்லை. பேஸ் வாசிக்கிறவருக்கு இடது கைதான் கிட்டாரின் கழுத்தில் ஓடிச் சுரம் பிடிக்கிற கை. குழுக்காரர்கள் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். பிறகு கீபோர்டுக்காரரே பேஸையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். கேட்கிற ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். அதையும் எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், புண்ணியவான்கள்.

இந்த நிலைமையில்தான் அந்த கிட்டார் வந்தது. எங்கள் வீடு ரமணாசிரமத்துக்குப் பின்னால். மாடி ரூமில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வந்து தங்குவார். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்பார், தன் பேஸ் கிட்டாரை மட்டும் விடமாட்டார். இனிமேல் வர உடம்பு தாங்காது என்று கடைசியாகக் கிளம்பிய அன்று, டாக்ஸி வாசலில் நிற்க, அதைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உலகமே கொண்டாடுகிற ஒரு பேஸ் கலைஞர் பெயரில் கம்பெனி செய்து விற்கிற கிட்டார் அது. தலைப்பக்கம் அவர் கையெழுத்து இருக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கலைஞரின் வாசிப்பை கேசட்டில் கேட்டுக் கேட்டே வளர்ந்த மனுஷர். ஆயுசில் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்பார். கை போனபிறகு வந்து மடியில் விழுந்தது. கடவுளுக்குக் கண் இருக்கா என்று நான் அன்றைக்கு வாய்விட்டே கேட்டேன்.

மற்ற கிட்டார் மாதிரி அது இல்லை. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் வரிசையாகப் பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். விரலை அழுத்தினால் கம்பி அந்தப் பட்டையில் பட்டுச் சரியான சுரம் பேசும். இதில் ஃப்ரெட்டே கிடையாது. அந்தந்த இடத்தில் மெல்லிசாகக் கோடு மட்டும் இருக்கும். அந்தக் கலைஞர் வாசித்த விதமே அப்படித்தானாம்.

இது போதாதா ஊருக்கு? கீபோர்டுக்காரர் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "அண்ணி, இது அச்சு. அசல் கையெழுத்துன்னா ரேட்டே வேற" என்றார். டிரம்ஸ்காரர் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "இதெல்லாம் வாசிக்கிறதுக்கு இல்லண்ணி, கண்ணாடிப் பொட்டில வெச்சுக் கும்புடறதுக்கு" என்றார். பக்கத்து வீட்டுக் குருக்கள் மாமி, "பாதியில நிக்கற வாத்தியம் ஆத்துல இருக்கப்படாதுடி" என்றாள். ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண், "மொதல்ல தோள்தான் வரும், அப்புறம் முழங்கை, வெரல் கடைசிலதாங்க. ஆசையா ஏதாவது செய்ய வெச்சாதான் வரும்" என்று சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி, கீழிருந்து மெதுவாக ஏறியது. எட்டிப் பார்த்தேன். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, செத்த கையைத் தூக்கிக் கம்பி மேல் வைத்திருந்தார். விரல் எதுவும் அசையவில்லை. தோளிலிருந்து மொத்தக் கையையும் இழுத்து இழுத்து நகர்த்த, வலது கை கம்பியைத் தட்டியது.

"பாத்தியா? ஃப்ரெட் இருந்தா அழுத்தணும். அழுத்த எனக்கு ஏது தெம்பு? இதுல கை விழுந்த எடத்துல சத்தம் வருது" என்றார். வாய் குழறியது, ஆனால் சிரித்தார். தன் பழைய கிட்டாரிலும் அதே மாதிரி செய்து காட்டினார். அதில் கை ஒவ்வொரு பட்டையிலும் இடறி, கிர் கிர் என்று தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது.

அப்புறம் தினமும் மத்தியானம் அதுதான் வேலை. கை போகிற தூரம் கொஞ்சம் கொஞ்சமாக ஜாஸ்தியானது. ஒருநாள் சுண்டுவிரல் தானாக மடங்கியது. நான் கேவிக் கேவி அழுதுவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத. ஒரு பாட்டு முழுசா வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய அண்ணன் கீழ்பென்னாத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வாராவாரம் பஸ் ஏறி வந்து, தம்பி கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இவருடைய கிட்டாரும் அவர் பட்டறைக்குத்தான் போகும். அங்கே துடைத்து, ஸ்பேனர், டிரில்லிங் மெஷினோடு சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருஷமும் நாலு நாள் முன்னாடியே வந்து, "புதுசயே குடுடா, தொடச்சு வெக்கிறேன்" என்றார். இவரும் சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினார்.

பூஜை அன்று ஆட்டோ பிடித்துப் போனோம். பட்டறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, ஊதுவத்திப் புகை, பொரி, சுண்டல் எல்லாம் இருந்தது. நடுநாயகமாக கிட்டார், சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சுற்றி. அதன் கழுத்தில் வரிசையாக ஃப்ரெட் மின்னியது. எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"எப்படிடா இருக்கு?" அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பல்லெல்லாம் கொட்டிப் போயி கோடு மட்டும்தான் நின்னுச்சு. வெள்ளக்காரன் ஒடஞ்சத உன் தலையில கட்டிட்டுப் போயிட்டான். வேலூர் போயி பட்டை வாங்கியாந்து, அந்தக் கோட்டு மேலயே அறுத்து, நானே எறக்கினேன். ஒரு நூல் பிசகல பாரு."

நான் வாயெடுத்தேன். இவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அண்ணன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "மூளியா இருக்கிறத சாமி முன்னாடி வெக்கக் கூடாதுடா. அப்டியே வெச்சா உன் கையும் அப்டியே நின்னுடுமோன்னு எனக்கு ஒரே பயம். ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஒருதரம் தட்டேன், கேக்கலாம்."

மடியில் வைத்துக் கொடுத்தார். இவர் கையைத் தூக்கிக் கம்பி மேல் போட்டு இழுத்தார். கிர் கிர் என்றது. அண்ணன் கண்ணில் தண்ணி. "பரவால்லடா, பழகப் பழக வந்துடும்" என்றார்.

"நல்லா இருக்குண்ணா" என்றார் இவர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பொரிந்து தள்ளினேன். "நாளைக்கே கழட்டிடலாங்க. கழட்டிட்டு மரத்தூள் வெச்சு அடைச்சிடலாம், எப்படின்னு போன்ல பாத்துக்கறேன். பழையபடி ஆயிடும்."

"அண்ணன் வாராவாரம் வராரு. பாத்தா தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே! நல்லா தெரியட்டும். கேக்காம கொள்ளாம யாரு அவர அறுக்கச் சொன்னது?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இதுலதான் என் கை வந்துக்கிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் உசுரோட இருக்க மாட்டாருடி" என்றார்.

நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், அவருக்குத் தெரியாமல் ஒரு தச்சரைக்கூடக் கூட்டிவந்தேன். இவர் அந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். கிட்டாரை அதற்கப்புறம் அவர் தொடவில்லை. அண்ணன் வாராவாரம் வருகிறார். கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் கையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எண்ணெய் தேய்க்கிறார்.

"தெனம் வாசிக்கிறியாடா?"

"வாசிக்கிறேண்ணா."

"போன வாரத்துக்கு இப்போ தேவல. நல்லா தெரியுது" என்று அண்ணன் என்னைப் பார்க்கிறார். நானும் ஆமாம் மாமா என்கிறேன். தோளும் இறுகிப்போய்விட்டது, இனி நம்பிக்கை வைக்காதீங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.