நீலத் திரையும் நாத்திக அப்பாவும்

எங்கள் வீட்டில் சாமி அம்மாவின் இலாகா, கிண்டல் அப்பாவின் இலாகா. புதிதாக எது வாங்கினாலும் அதைப் பூஜை அலமாரியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்ட பிறகுதான் அம்மா புழங்க விடுவாள். குக்கருக்கும் பொட்டு, குடைக்கும் பொட்டு. கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன்களோடு மாரடிக்கும் இன்ஜினியரான அப்பா, "குடை மழையில நனையக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டியா?" என்று கேட்பார்.

அதனால்தான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சிப் படிப்பு முடியும் சமயத்தில், லேப்டாப்புக்குக் கூடுதல் ரேம் வாங்கி வந்த அன்றே அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "இதுக்குப் பொட்டு கிட்டு ஒண்ணும் கூடாது. கையே படக்கூடாது." விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு அதட்டலா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாட்டினேன். அதுவரை திறக்கவே முரண்டு பிடித்த ஹூக்ளி ஆற்று வரைபடங்கள் சட்டென்று விரிந்தன. ஆகா என்று திறந்த வாயை மூடுவதற்குள் திரை நீலமாகி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி நீலம். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் இழுத்துவிடும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் காகிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிச் சித்தி எட்டிப் பார்த்தார். தலைவலிக்கும் கால்வலிக்கும் அவர் சொல்லும் காரணத்தையே லேப்டாப்புக்கும் சொன்னார்: கேஸ், வாயுத் தொல்லை. அப்பா டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். என் காகிதங்கள் பறந்தன, லேப்டாப் அசரவில்லை. புது ரேமைக் கழற்றினால் சாதுவாக ஓடியது, ஆனால் வரைபடம் திறக்காது. மாட்டினால் நீலம்.

கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரண்ட் பாயும் தங்க நிறப் பல்வரிசையின் ஓரத்தில் காய்ந்துபோன சந்தனத் துளி. அதன் நடுவே சிவப்பு.

"அம்மா!"

"சத்தியமா நான் தொடலடீ. நீ கத்துன கத்துக்கு அந்தப் பக்கமே போகல."

நான் நம்பவில்லை. இன்னும் கத்த வாயெடுத்தபோது அப்பா பென்சில் ரப்பரும் கையுமாக வந்து நின்றார். ரேமில் சந்தனம் ஒட்டியிருப்பதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவே இல்லை.

"மெதுவாத் தேச்சா போயிடும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷக் கிண்டலுக்கும் சேர்த்து அவள் முகம் மலர்ந்தது. "ஏங்க, நீங்களா?"

"விஸ்வகர்மா பூஜைக்கு டாக்குல கிரேனுக்கே பொட்டு வெப்பாங்க. ஒண்ணும் ஆனதில்ல," என்றார். பிறகு குரல் இறங்கியது. "இவ படிப்பாச்சே. ஒண்ணும் வெக்காம எப்படி விடுறது?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் பிரியம் வந்தது. தேய்த்து, துடைத்து, மாட்டினோம். நீலம் வரவில்லை. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

பிறகொரு நாள் புது பிரிண்டர் வாங்கி வந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அப்பா அவளைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டார்:

"இதுல கரண்ட் ஓடாத இடம் எது? காட்டு."